பாம்பன் பக்கத்துக் கருவாடு: கொடுக்கிற காசு மீனுக்கா, உப்புக்கா?

முடிவை முதலில் சொல்லிவிடலாம். நாலு பேர் உள்ள வீட்டில், பிள்ளைகளும் சாப்பிட, மாதச் செலவும் கையை மீறாமல் இருக்க வேண்டும் என்றால் உப்புப் போடாமல் காய்ந்த நெத்திலிதான் முதல். அடுத்து, வாடை பொறுக்கிற வீடாக இருந்தால் திருக்கை. சாளையும் சூடையும் சீக்கிரம் தீர்க்க முடிகிறவர்களுக்கு மட்டும். உப்புப் போட்ட பாறை மீன், கட்டா மீன் இரண்டும் பார்ப்பதற்கு மலிவு, கணக்குப் போட்டால் மலிவில்லை. வஞ்சிரக் கருவாடு விருந்தாளி வரும் நாளைக்கு உள்ளது. அதை வீட்டுச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, மூக்கையூர் என்று இந்தக் கரை முழுக்கக் கருவாடு கிடைக்கிறது. கிடைப்பதில் குறைவில்லை. வாங்குகிறவர் கிலோ விலையை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் காசு போகிறது.

கணக்கு இப்படி. பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். உப்பில்லாமல் நன்றாகக் காய்ந்த நெத்திலி ஒரு கிலோ வேண்டுமானால் மூன்று, நாலு கிலோ பச்சை நெத்திலி காய வேண்டும். அதில் பாதிக்கு மேல் புரதம். தலையைக் கிள்ளினால் கிலோவுக்கு 150 கிராம் போல் கழியும், முள் உட்பட மற்றதெல்லாம் சாப்பாடு. உப்புப் பாறையில் கால் பங்கு வரை உப்பு இருக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கும், தலையும் முள்ளும் செதிலும் தனி. மீதிதான் சதை.

நெத்திலி கிலோ 450 ரூபாய், உப்புப் பாறை 280 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் புரதத்துக்கு நெத்திலியில் ஏறத்தாழ 9 ரூபாய் ஆகிறது, பாறையில் 12 ரூபாய். முட்டை ஒன்று 6 ரூபாய் என்றால் அதில் 10 ரூபாய். ஆக, 170 ரூபாய் குறைவாகத் தெரிந்த பாறைதான் மூன்றிலும் விலை கூடியது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை இந்த மூன்றும் நெருங்கவே முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது மாதத்துக்கு ஒரு கிலோதான், அதை மட்டும் வைத்துக்கொண்டு வாரம் முழுக்க வெஞ்சனத்துக்கு என்ன செய்வது?

உப்பு ஏன் போடுகிறார்கள் என்று தெரிந்தால் எதை எங்கே சோதிப்பது என்பதும் தெரிந்துவிடும். நெத்திலி, காரல், வாளை போன்றவை மெலிந்த மீன். நல்ல வெயிலில் ஓரிரு நாளில் உள்வரை காய்ந்துவிடும், உப்பு தேவையில்லை. பாறை, கட்டா, வஞ்சிரம் தடித்தவை. வெயில் நடுமுள்ளை எட்டுவதற்குள் உள்ளே கெட ஆரம்பிக்கும். அதனால் பிளந்து, குடல் எடுத்து, சதையைக் கீறி, உப்பில் ஓரிரு நாள் ஊறவைத்துப் பிறகு காயப்போடுகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அது நல்ல சரக்கு. காலையில் விலை போகாமல் மாலைக்குள் நைந்துபோன மீனையும் உப்பில் போட்டுவிடலாம் என்பதுதான் சிக்கல். உப்பு வாடையை மூடிவிடும், எடையையும் கூட்டிக் கொடுக்கும்.

கடையில் நின்றுகொண்டே பார்க்க வேண்டியவை சில உண்டு. நெத்திலியை இரண்டாக மடக்கினால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. பக்கவாட்டில் வெள்ளிக்கோடு தெரிய வேண்டும். வயிறு வெடித்துக் கிடந்தால் காயப்போடும்போதே பழைய மீன். உடம்பு மஞ்சளாகி இருந்தால் காய்ந்து நாளாகிவிட்டது. ஒரு கை அள்ளி வெள்ளைக் காகிதத்தின் மேல் உதறுங்கள். மணல் கொட்டினால் தரையில் காய்ந்த சரக்கு. அரை கிலோவில் ஒரு கரண்டி மணல் இருந்தால் மீன் விலைக்கு மணல் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். வலையை உயரக் கட்டியோ தார்ப்பாயை விரித்தோ காயவைத்தது கிலோவுக்கு 30, 40 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்கலாம். கழுவும் நேரமும் தண்ணீரும் மிச்சம். தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர்களில் இது சின்ன மிச்சமில்லை.

உப்புக் கருவாட்டில் சதை தடிமனாக இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்தால் வேண்டாம். மேலே உப்பு பொரிந்து ஈரமாக மினுங்கினாலும் வேண்டாம். துண்டைப் பிளக்கச் சொல்லி நடுமுள் ஓரத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். கெட்ட வாடை முதலில் அங்கேதான் வரும். முள்ளை ஒட்டிச் சதை கருஞ்சிவப்பாக இருந்தால் ரத்தமும் குடலும் சரியாகக் கழுவப்படவில்லை.

நிறத்தில் மூன்று வகைக் கேடு உண்டு. இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று படிந்திருந்தால், அது உப்பிலேயே வாழும் நுண்ணுயிர். பாத்தி உப்போடு வருவது. கழுவினால் நிறம் போகும், கெட்டது போகாது. மிளகுத்தூள் தூவியது போலப் பழுப்புப் புள்ளி இருந்தால் பூஞ்சை. இந்த இரண்டையும் பாதி விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள். மூன்றாவது, துருப்பிடித்த மஞ்சள். மீனின் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிப்பது. சாளையில் இது அடிக்கடி வரும். ஓரத்தில் லேசாக இருந்தால் வெட்டி எறியலாம், முழுக்க இருந்தால் குழம்பு கசக்கும்.

எடையைச் சோதிக்க ஒரு வழி: வீட்டுக்கு வந்ததும் 100 கிராமை எடை போட்டு நாலு மணி நேரம் நல்ல வெயிலில் வைத்து மறுபடி எடை போடுங்கள். 95க்கு மேல் நின்றால் யோக்கியமான சரக்கு. 88, 90க்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்காவது தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த தடவை அந்தக் கடையில் விலை பேசும்போது இதைச் சொல்லிப் பேசலாம்.

வகைக்கு ஒரு வார்த்தை

நெத்திலியைப் பற்றி மேலே சொன்னதோடு ஒன்று. 50 கிராமில் 25 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, அதாவது நாலு முட்டை அளவு. முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் சேருகிறது. சின்ன நெத்திலியும் பெரிய நெத்திலியும் ஒரே விலையென்றால் பெரியதை எடுங்கள். தலை கிள்ளும் வேலை பாதியாகும்.

திருக்கையைப் பலர் வாடைக்குப் பயந்து ஒதுக்குகிறார்கள். மூக்கில் ஏறும் அந்தக் கார வாடை கெட்டதன் அடையாளமில்லை. திருக்கை, சுறா இரண்டின் சதையிலும் யூரியா இயல்பாகவே உண்டு, அது சிதையும்போது வருவது. வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும். முள்ளுக்குப் பதில் குருத்தெலும்புதான் என்பதால் கழிவு குறைவு. உப்புச் சரக்குகளில் காசுக்கு ஏற்றது இதுதான் என்பது என் கணக்கு. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பக்கத்து வீட்டாரைக் கேட்டுக்கொண்டு சமைப்பது நல்லது.

சாளையும் சூடையும் விலை குறைவு, ருசி அதிகம், ஆயுள் குறைவு. கொழுப்பு மீன் என்பதால் இரண்டு மாதம் தாண்டினால் சிக்கு வாடை வந்துவிடும். கால் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். வாளை பொரிக்க நன்றாக இருக்கும், ஆனால் முள் ஊசி மாதிரி. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. கூனி என்கிற பொடி இறால் மலிவுதான், மணல் போக்குவதற்குள் பொறுமை போய்விடும். சூரை மீனை வேகவைத்துக் காயவைத்த மாசி கல் போல இருக்கும், விலையைக் கேட்டால் திகைப்பு வரும். ஆனால் நாலு பேர் சம்பலுக்கு 10 கிராம் தூள் போதும், 100 கிராம் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். கிலோ விலையைப் பார்த்து யாரும் தள்ளிவிட வேண்டிய சரக்கில்லை.

காரலில் மட்டும் எச்சரிக்கை தேவை. விசைப்படகு வலையில் குவியும் பொடிமீனைச் சங்காயம் என்று ஒதுக்கிக் கோழித் தீவனத்துக்கு மணலிலேயே கொட்டிக் காயவைப்பார்கள். அது மனிதர் சாப்பிடக் காயவைத்ததில்லை. ஒரே மாதிரி அளவில் இல்லாமல், நண்டுக்கால், சிப்பி, பல வகைக் குஞ்சு மீன் கலந்து, கிலோ விலை மற்றதில் பாதிகூட இல்லாமல் கிடைக்கிற காரல் என்றால் அந்தச் சரக்காக இருக்கலாம். தனிக் காரலாக, சுத்தமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எங்கே, எப்போது

ராமேசுவரம் சாலையோரக் கடைகள் யாத்திரைக்கு வருகிறவர்களை நம்பி நடப்பவை. சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, பேசினால் இறங்கும். பல வகையை ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பது அங்கே உள்ள வசதி. வண்டிப் புழுதி படும்படி திறந்து வைத்த குவியலின் மேல்பகுதியை விட்டு அடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கரையில் காயவைக்கும் பெண்களிடம் நேராக வாங்கினால் விலையும் குறையும், எப்போது பிடித்தது, உப்புப் போட்டதா என்று கேட்டால் நேரடிப் பதிலும் கிடைக்கும். ஒரு கிலோ, இரண்டு கிலோவாக எடுத்தால்தான் அங்கே மரியாதை. இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஐந்து கிலோவாக எடுத்துப் பிரித்துக்கொள்வது நல்ல வழி. தலைச்சுமையாக உள்ளூருக்குக் கொண்டுவருகிற அக்காமார் கொஞ்சம் கூட்டித்தான் விற்பார்கள். கடலுக்குத் தூரமான ஊர்க்காரர்கள் பஸ் காசைக் கழித்துப் பார்த்தால் அதுவே சரியாக வரும். சரக்கு சரியில்லை என்றால் அடுத்த வாரம் அதே தெருவுக்குத்தான் வரவேண்டும் என்பதால் பெரும்பாலும் ஏமாற்ற மாட்டார்கள். பாக்கெட்டில் வருவது தலை கிள்ளி, மணல் போக்கி வரும், வேலை மிச்சம். வாங்கும்போது 100 கிராம் விலையைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், பிறகு முடிவு உங்களுடையது.

பஸ்ஸில் கொண்டுபோவதானால் இரண்டு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் கட்டைப்பை. நடத்துநர் முகம் சுளிக்காமல் வர அவ்வளவு வேண்டும்.

எப்போது வாங்குவது என்பதில்தான் நிஜமான மிச்சம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு போகும், ஆனால் அந்த மீன் பச்சையாகவே நல்ல விலைக்குப் போய்விடும், காயவைக்க மிஞ்சாது. அதனால் தடைக்காலத்துக்கு வேண்டிய கருவாட்டை மார்ச்சிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வாங்கிவிட வேண்டும். வெயிலும் அப்போது நன்றாகக் காய்வதால் சரக்கும் தரமாக இருக்கும். அடுத்த நல்ல காலம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் காய்ந்த கருவாட்டை, அதிலும் உப்புக் கருவாட்டை, வாங்கவே வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். கடையில் இருக்கும்போதே எடை கூடும், வீட்டுக்கு வந்தால் நீர் விட்டு நாறும்.

பச்சை மீனோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒன்று: பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, மீதி 4 நாள் நாட்டுப்படகு என்று முறை. விசைப்படகு கரை திரும்பும் காலைகளில் சாளை, காரல், நகரை போன்றவை குவிந்து விலை சரியும். அந்த நாளில் பச்சை மீன் வாங்குங்கள், கருவாட்டை மற்ற நாளைக்கு வையுங்கள். இதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்கிற வீடுகளில் மாத மீன்செலவு கண்ணுக்குத் தெரியும்படி குறையும்.

கழுவுவதும் சமைப்பதும்

நெத்திலி நாலு பேருக்கு 75 முதல் 100 கிராம் போதும். வெறும் சட்டியில் சிறு தீயில் மூன்று நிமிடம் வறுத்தால் தலை சுலபமாகக் கழன்று வரும், ஒட்டிய மணலும் உதிரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம். இங்கேதான் பலர் தவறுவது: தண்ணீரை வடிக்கக்கூடாது, மீனைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். வடித்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி மீன் மேலேயே வந்து படியும். பாத்திரத்தின் அடியைத் தடவினால் மணல் தட்டாத வரை, மூன்று நாலு தடவை இப்படி மாற்றுங்கள்.

உப்புக் கருவாட்டைத் துண்டு போட்டுச் செதில் சுரண்டி, அரிசி களைந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி இன்னொரு இருபது நிமிடம். துண்டு சின்னதாக இருந்தால்தான் உப்பு இறங்கும். இரவு முழுக்க ஊறவைத்தால் உப்போடு ருசியும் போய் சதை சக்கையாகிவிடும்.

குழம்பைப் பெருக்குவது காய்தான். 100 கிராம் கருவாட்டுக்குக் கத்தரிக்காய் நாலு, முருங்கைக்காய் ஒன்று, ஊறிய மொச்சை ஒரு கை. மாங்காய் காலத்தில் அரை மாங்காய் போட்டுப் புளியைப் பாதியாக்கலாம். எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு. காயும் மசாலாவும் வெந்து எண்ணெய் பிரிந்த பிறகே கருவாடு. அதற்கு முன் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் லேசாகப் புரட்டி எடுத்தால் குழம்பில் உடையாது. போட்டபின் ஏழு, எட்டு நிமிடத்துக்கு மேல் கொதிக்க வேண்டாம். உப்புக் கருவாடு என்றால் அது இறங்கிய பிறகு ருசி பார்த்துத்தான் உப்பு, பெரும்பாலும் தேவைப்படாது. இந்தக் குழம்பு மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கு இன்னும் நன்றாக இருக்கும் என்பதால், ஒரு வேளை அடுப்பும் மிச்சம்.

பொடியாக வைத்துக்கொள்வது இன்னும் சிக்கனம். கழுவி மறுபடி வெயிலில் காயவைத்த நெத்திலி 100 கிராம், நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் எட்டு, பூண்டு ஆறு பல், கோலிக்குண்டு அளவு புளி. தனித்தனியாக மொறுமொறுவென்று வறுத்து, ஆறவிட்டு, கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தேங்காய் சேர்க்காவிட்டால் இரண்டு வாரம் நிற்கும். ஒரு ஆளுக்கு ஒரு தேக்கரண்டி, கஞ்சி இறங்கிவிடும். பிள்ளைகளுக்கு மிளகாய் இல்லாமல் நெத்திலியை மட்டும் வறுத்து நைசாகப் பொடித்து வைத்துக்கொண்டு, நெய்ச்சோற்றில் அரைத் தேக்கரண்டி கலக்கலாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத்தான், அதுவும் உப்பில்லாத நெத்திலி மட்டும். முதல் தடவை ஒரு சிட்டிகை கொடுத்து ஒவ்வாமை இல்லையென்று பார்த்துக்கொண்டு கூட்டுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் உப்புக் கருவாட்டை மலிவு என்று வாங்குவதில் பொருளில்லை. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 100 கிராம் உப்புக் கருவாட்டில் 25 கிராம் வரை உப்பு இருக்கலாம். ஊறவைத்தால் ஒரு பகுதி போகும், முழுக்கப் போகாது.

வைத்திருப்பது

வாங்கிவந்த பையோடு அலமாரியில் வைத்தால் மூன்று வாரத்தில் வண்டு வரும். அதன் புழு பிளாஸ்டிக் பையையே துளைத்துக்கொண்டு அடுத்த பைக்குப் போகும். வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, நிழலில் முழுக்க ஆறிய பிறகு, செய்தித்தாளில் சுற்றி, மூடி இறுக்கமான தகர டப்பாவில் வையுங்கள். சூடாகவே மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஓலைக்கொட்டானில் வைப்பது கோடைக்கு நல்லது, காற்றோட்டம் இருக்கும். மழைக்காலத்தில் அதே காற்றோட்டம் ஈரத்தை உள்ளே விடும், அப்போது டப்பாதான்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் முதல் வேலையாகக் கருவாட்டை இரண்டு பையில் கட்டி உறைநிலைப் பகுதியில் நாலு நாள் வைத்தெடுத்தால் வண்டு முட்டையே செத்துவிடும். தடைக்காலத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் இதைத் தவறாமல் செய்யுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும். குளிரோடு பிரித்தால் காற்றின் ஈரம் மீன் மேல் படியும். 200 கிராம், 100 கிராமாகப் பிரித்துக் கட்டி, மேலே வாங்கிய மாதத்தை எழுதி வைத்தால் எதை முதலில் தீர்ப்பது என்ற குழப்பம் வராது. அடுக்கில் சாளை முதலில் தீரட்டும், பிறகு வாளை, நெத்திலி கடைசியில்.